மூடுபனிக் கரையில் ஐந்து நாட்கள்

சென் ஜோன்ஸ் விமான நிலையத்தில் இறங்கியதும் நாங்கள் செய்த முதற்காரியம் கடிகாரங்களைத் திருத்தியதுதான். ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேரப் பறப்பு. நேர வித்தியாசமோ ஒன்றரை மணி. அயல் மாகாணங்களெல்லாம் முழு மணிக் கணக்கில் ஒழுங்காக நிற்க, நியூபவுண்ட்லாந்து மட்டும் அரை மணியைத் தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறது. இதைப் பற்றி நாங்கள் வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருக்கையில், பயணப்பெட்டிகள் வரும் பட்டையருகே நின்ற அண்ணை தன் பழைய கைக்கடிகாரத்தைத் திருகிவிட்டு, "இப்ப ஊரிலையும் இஞ்சையும் நிமிச முள்ளு ஒரே இடத்திலை நிக்குது" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். உண்மைதான். யாழ்ப்பாணத்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் கோடைகாலத்தில் சரியாக எட்டு மணி நேர வித்தியாசம். அங்கேயும் அரை, இங்கேயும் அரை. ரொறன்ரோவில் எத்தனை வருடம் வாழ்ந்தாலும் ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது முப்பது நிமிடத்தைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டியிருக்கிறது. அந்தத் தொல்லை இல்லாத ஒரே மாகாணத்துக்கு வந்திருக்கிறோம் என்பது எங்களில் வேறு எவருக்கும் தோன்றவில்லை.

அண்ணையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைப் பற்றி எழுத முடியாது. ஸ்காபரோவில் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசும் ஆறு பேர் நாங்கள். நால்வர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒருவர் தஞ்சாவூர்க்காரர். இன்னொருவர் கல்லூரியில் கற்பிக்கும் மட்டக்களப்பு அக்கா. கூட்டத்தில் வயதில் மூத்தவர் அண்ணை. குறைவாகப் பேசுபவரும் அவர்தான். ஒவ்வொரு கோடையிலும் எங்கேயாவது சேர்ந்து போவது எங்கள் வழக்கம். கியூபெக், நோவா ஸ்கோசியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு எல்லாம் பார்த்தாகிவிட்டது. நியூபவுண்ட்லாந்து என்ற பேச்சு எழும்போதெல்லாம் அண்ணைக்கு ஏதோவொரு அலுவல் வந்துவிடும். மகளின் பரீட்சை, முழங்கால் வலி, வீட்டுக்கூரை. 2024 தொடக்கத்தில் ஒருநாள், கேட்காமலே அவராகச் சொன்னார்: "இந்த முறை நான் வாறன். ஆனா வள்ளத்திலை ஏறச் சொல்லக்கூடாது."

காரணம் எங்களுக்குத் தெரியும். தெரியும் என்பதை அவரிடம் காட்டிக்கொள்ளாமலிருந்தோம், அவ்வளவுதான்.

இளைய வாசகர்களுக்காக அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி, இந்த மாகாணத்தின் தென்கிழக்கு முனையிலுள்ள சென் ஷொட்ஸ் என்ற சிற்றூருக்கு அப்பால், மூடுபனிக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்கியடித்துக்கொண்டு 155 ஈழத்தமிழர் மிதந்துகொண்டிருந்தார்கள். ஏற்றிவந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய் நாட்கள் கடந்திருந்தன. முதலில் கண்டவர் கஸ் டால்ட்டன் என்ற மீனவர். 'அட்லாண்டிக் ரீப்பர்' என்பது அவருடைய படகின் பெயர். அவரும் சேதி அறிந்து வந்த மற்றப் படகுக்காரரும் அவர்களைத் தங்கள் படகுகளில் ஏற்றினார்கள். பிறகு அரசுக் கப்பலொன்று சென் ஜோன்ஸ் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. மெமோரியல் பல்கலைக்கழக விடுதியில் தங்கவைத்தார்கள். சில நாட்களில் பெரும்பாலானோர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்விட்டார்கள். அந்த 155 பேரில் ஒருவர் எங்கள் அண்ணை. அப்போது அவருக்கு 24 வயது.

முதல் இரண்டு நாட்களும் நல்ல சுற்றுலாப் பயணிகளாக நடந்துகொண்டோம். சென் ஜோன்ஸ் அழகான நகரம் என்பதைவிடச் செல்லமான நகரம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. செங்குத்தான தெருக்களில் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்ததுபோல் மரவீடுகள். மஞ்சள், நாவல், கிளிப்பச்சை, செம்மை என்று பக்கத்து வீட்டின் நிறம் வந்துவிடாதபடி பார்த்துப் பூசியிருக்கிறார்கள். துறைமுகத்தின் வாய் மிகக் குறுகல். இருபுறமும் பாறைமலை. அதில் ஒன்றுதான் சிக்னல் ஹில். 1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி இந்த மலையில் பட்டமொன்றைப் பறக்கவிட்டு, அதில் கட்டிய கம்பி வழியாக அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்த மூன்று புள்ளிகளைக் கேட்டார். மோர்ஸ் மொழியில் அது 'எஸ்' என்ற ஒரெழுத்து. ஒரெழுத்தைக் கேட்க இவ்வளவு பாடா என்று தஞ்சாவூர் நண்பர் கேட்டார். எங்கள் கூட்டங்களில் சிலர் இரண்டு மணி நேரம் பேசியும் ஒரெழுத்தும் விளங்காததை அக்கா நினைவூட்டினார்.

மலையுச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. நாங்கள் கடலைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டிருக்க, அண்ணை கடலுக்கு முதுகைக் காட்டித் துறைமுகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இந்த இடுக்குக்குள்ளாலைதான் வந்தனாங்கள். ரெண்டு பக்கமும் மலை கிட்டக் கிட்ட வந்துது. நான் நினைச்சன் உள்ளை விட்டிட்டுக் கதவைச் சாத்தப்போறாங்கள் எண்டு." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எங்களிடம் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

மறுநாள் விடியற்காலையில் கேப் ஸ்பியர் போனோம். கிரீன்லாந்தை விட்டால் வட அமெரிக்காவின் கிழக்குக் கோடி இதுவே. 1836இல் கட்டிய வெளிச்சவீடு இன்னமும் நிற்கிறது. கண்டத்தில் எல்லோருக்கும் முன்பாக நாங்கள் சூரியனைப் பார்த்தோம் என்று பெருமையடித்துக்கொள்ளலாம். அன்று சூரியன் தெரியவில்லை என்பது வேறு விடயம். குளிரில் நடுங்கிக்கொண்டு, இது நெய்தல் நிலமா என்று விவாதித்தோம். கடலும் கடல் சார்ந்த இடமும் இருக்கின்றன. மீன் இருக்கிறது, பரதவர் இருக்கிறார்கள். புன்னையும் தாழையும் இல்லை. காற்றுக்குப் பயந்து முழங்கால் உயரத்துக்குமேல் வளர மறுத்து ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் ஊசியிலைப் புதர்தான் இங்குள்ள தாவரம். எற்பாடு என்பது மாலையா விடியலா என்ற பழைய சர்ச்சையும் கிளம்பிற்று. விடியல்தான் என்பவர்களுக்கு அன்றைய வானம் ஆதரவு தரவில்லை. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று அக்கா சொன்னபோது பேச்சு தானாக நின்றது. அண்ணை வெந்நீர்ப் போத்தலைத் திறந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார்.

சனிக்கிழமை தெற்கு நோக்கி வண்டியை விட்டோம். பத்தாம் இலக்க நெடுஞ்சாலை கடலை விட்டு விலகுவதும் நெருங்குவதுமாக ட்ரெப்பஸி வரை ஏறத்தாழ 150 கிலோமீற்றர் போகிறது. இலங்கையைவிட ஒன்றரை மடங்குக்கும் பெரிய தீவு இது. லப்ரடோரையும் சேர்த்த மாகாணம் முழுவதிலும் ஐந்து இலட்சத்துச் சொச்சம் பேர்தான். ஆகையால் அரை மணி நேரம் ஓட்டினாலும் எதிரே ஒரு வண்டி வராத பாதைகள். இரவில் ஓட்டவேண்டாம், மூஸ் குறுக்கே வரும் என்று வாடகை வண்டி தந்தவர் மூன்று முறை சொல்லியிருந்தார். இந்தத் தீவில் மூஸ் என்ற விலங்கே இருந்ததில்லை. 1904இல் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து நான்கைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று இரவுப் பயணத்துக்கே அவைதான் சட்டம் போடுகின்றன. "வந்தேறு குடிகள்" என்றார் நண்பர். யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதை ஆராயவில்லை.

விற்லஸ் விரிகுடாவில் பஃபின் பறவைகளைப் பார்க்கப் படகேறினோம். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைகள் கூடுகட்டும் தீவுகள் அங்கே இருக்கின்றன. வட அமெரிக்காவில் அதைவிடப் பெரிய பஃபின் குடியிருப்பு இல்லை. கறுப்புக் கோட்டும் செம்மஞ்சள் மூக்குமாய் ஒரு சிறிய பறவை. பறக்கத் தெரியாதவன் அவசரத்தில் பறப்பதுபோல் இறக்கையை அடித்து அடித்துப் போகிறது. தண்ணீரிலிருந்து கிளம்பும்போது பாதிக்குமேல் விழுந்துவிடுகின்றன. மிகவும் ரசித்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கரைக்கு வந்தபோது அண்ணை துறைமேடையில் உட்கார்ந்து, யாரோ உலர்த்தப் போட்டிருந்த வலையின் ஒரு முனையைக் கையில் பிடித்துக் கண்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் மயிலிட்டிக்காரர். தகப்பனார் கடற்றொழிலாளி. படிப்பு வந்திருக்காவிட்டால் தானும் அதையே செய்திருப்பேன் என்று ஒருமுறை சொன்னது நினைவிருந்தது.

வழியில் ஃபெரிலாண்ட். 1621இல் ஜோர்ஜ் கல்வேர்ட் என்ற ஆங்கிலப் பிரபு அமைத்த குடியேற்றத்தின் கல்தெருவையும் அடித்தளங்களையும் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். பிரபுவுக்குக் குளிர்காலம் ஒத்துவரவில்லை, தெற்கே போய்விட்டார். நாங்களும் அதிகம் நிற்கவில்லை.

ட்ரெப்பஸியில் ஒரு முதிய பெண்மணியின் வீட்டில் மூன்று அறைகள் எடுத்திருந்தோம். கதவைத் திறந்ததும் எங்கள் ஆறு பேரையும் தனித்தனியாக 'மை லவ்' என்று அழைத்து உள்ளே விட்டார். இந்தப் பக்கத்தில் கடைக்காரர், பேருந்து ஓட்டுநர் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். முப்பத்தெட்டு வருடம் கனடாவில் இருந்தும் அண்ணைக்குக் காது சிவந்தது. வெளியூர்க்காரருக்கு இங்கே ஒரு தனிப்பெயர் உண்டு, 'கம் ஃப்ரம் அவே' என்பார்கள். அப்பால் இருந்து வந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பெயர் நமக்கு ஒட்டாமல் போக நாம் எத்தனை தலைமுறை இருக்கவேண்டும் என்று அந்த அம்மையாரிடம் கேட்டோம். "என் மாமியார் பக்கத்து ஊர்க்காரி. சாகும்வரை அவரையும் அப்படித்தான் சொன்னார்கள்" என்றார்.

ஞாயிறு காலை மிஸ்ரேக்கன் பொயின்ற். 2016இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்ட கடற்பாறை இது. முன்பதிவு செய்து வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். மரமற்ற மேட்டுநிலத்தில் ஏறத்தாழ முக்கால் மணி நேர நடை. பாறைத் தளத்தை அடைந்ததும் சப்பாத்தைக் கழற்றி அவர்கள் தரும் துணியுறையை மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். கோயில் வாசலில் நிற்பதுபோல் ஆறு தமிழரும் மறுபேச்சின்றிச் செய்தோம். கூட வந்த மற்றவர்கள்தான் முணுமுணுத்தார்கள். பாறை மேல் பன்னத்தின் இலைபோல, விசிறிபோல, கதிர்போல நூற்றுக்கணக்கான பதிவுகள். 56 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட உயிர்கள். கண் இல்லை, வாய் இல்லை, எலும்பு இல்லை. ஆழ்கடலின் அடியில் ஒட்டிக்கொண்டு நின்றவற்றின்மேல் எரிமலைச் சாம்பல் வந்து மூடியதால், நின்ற இடத்தில் நின்றபடியே பதிந்திருக்கின்றன. சரிவாக வெளிச்சம் விழும்போதுதான் தெரியும் என்று வழிகாட்டி சொன்னாள். மேகம் விலகி ஐந்து நிமிடம் வெயில் அடித்தது. பாறை முழுவதும் சட்டென்று எழுந்து வந்தது. அதை எழுத எங்களிடம் சொல் இல்லை. புகைப்படத்திலும் ஒன்றும் விழவில்லை.

அன்று பிற்பகல் கேப் ரேஸ் போய்வந்தோம். 1912இல் மூழ்கிக்கொண்டிருந்த டைட்டானிக்கின் அபயக்குரலைக் கேட்டது இங்கிருந்த கம்பியில்லாத் தந்தி நிலையம்.

மாலையில் வீட்டுக்கார அம்மையாரின் அயலவர் ஒரு வாளியில் கொட் மீன் கொண்டுவந்து தந்தார். இந்த ஊரில் மீன் என்று மட்டும் சொன்னால் அது கொட்டைத்தான் குறிக்கும். மற்றவற்றுக்குத்தான் தனிப்பெயர். கோடை வார இறுதிகளில் வீட்டுத் தேவைக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து மீன் பிடிக்கலாம் என்பது 2024இல் இருந்த சட்டம். சமையல் உரிமையைக் கேட்டு வாங்கினோம். அக்கா ரொறன்ரோவிலிருந்து கறித்தூள் கொண்டுவந்திருந்தார். (வேறு எதை மறந்தாலும் அதை மறக்கமாட்டார்.) கொட்டின் தசை மிருதுவானது. விளைமீனைப்போல் கறிச்சட்டியில் நின்று பிடிக்காது, கரண்டி பட்டால் இதழ் இதழாகக் கழன்றுவிடும். ஆகவே குழம்பு வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டுத் தேங்காய்ப்பால் விட்டுச் சொதியாக்கினோம். அம்மையார் தன் பங்குக்கு உப்பிட்டுக் காயவைத்த கொட்டை ஊறவைத்துத் தந்தார். அதைக் கையில் வாங்கி மணந்து பார்த்த அண்ணை, "கருவாடு" என்றார். பிறகு அவரே சட்டியை வாங்கி வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு வதக்கினார்.

சாப்பாட்டு மேசையில் அம்மையார் 1992 பற்றிச் சொன்னார். அந்த வருடம் ஜூலை 2ஆம் திகதி மத்திய மீன்வள அமைச்சர் ஜோன் குரோஸ்பி, அவரும் இந்த மண்ணின் மைந்தர்தான், கொட் மீன்பிடியை நிறுத்துவதாக அறிவித்தார். ஐந்நூறு வருடத் தொழில் ஒரு மாலையில் நின்றது. ஏறத்தாழ 30,000 பேருக்கு வேலை போயிற்று. இரண்டு வருடத்துக்கு என்று சொன்ன தடை 32 வருடம் நீடித்து, நாங்கள் போவதற்குச் சில நாட்கள் முன்னர், 2024 ஜூன் கடைசியில்தான் நீக்கப்பட்டது. கூடையை இறக்கினாலே மீன் ஏறும் என்று 1497இல் கபொட்டின் மாலுமிகள் கதை சொன்ன கடல் இது. பெரும் இழுவைக் கப்பல்கள் முட்டையோடும் குஞ்சோடும் வாரியதில் வெறுங்கடலாகிவிட்டது. ட்ரெப்பஸியின் மீன் தொழிற்சாலை அதற்கும் முன்பே மூடப்பட்டிருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த ஊரில் 2021 கணக்கெடுப்பின்படி நானூறு பேரளவில்தான் இருக்கிறார்கள். அம்மையாரின் இரண்டு மகன்களும் அல்பேர்ட்டாவுக்கு எண்ணெய் வேலைக்குப் போனவர்கள். அவருடைய தாயார் பிறந்த ஊர் இப்போது வரைபடத்தில் இல்லை. 1954 முதல் 1975 வரை அரசு சிறு கரையோர ஊர்களைக் கலைத்து மக்களை இடம்மாற்றியது. முந்நூறு ஊர்கள் அளவில் கலைந்தன. சிலர் மரவீட்டை அப்படியே கடலில் மிதக்கவிட்டுப் படகால் இழுத்துப் போனார்கள்.

"நாங்களும் மயிலிட்டியை விட்டது 1990இல்" என்றார் அண்ணை. அவர் அப்போது கனடாவில் இருந்தார். ஆனாலும் 'நாங்கள்' என்றுதான் சொன்னார். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன அந்தத் துறைமுகம் 2017 ஜூலையில்தான் விடுவிக்கப்பட்டது. இருபத்தேழு வருடம். அவருடைய தகப்பனார் அதற்குள் அகதி முகாமிலே இறந்துவிட்டார்.

அம்மையார் தேநீர் ஊற்றினார். அப்போது அண்ணை ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி, தான் அந்தப் படகில் இருந்தவன் என்று சொன்னார்.

அம்மையாருக்கு நினைவிருந்தது. இந்தக் கரையில் அந்த வாரம் வேறு பேச்சே இருக்கவில்லையாம். எழுந்து வந்து அவர் தோளில் கைவைத்தார். அண்ணை அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

"நாங்கள் பொய் சொன்னோம்" என்றார்.

அதுவும் ஊரறிந்த கதைதான். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்ததாக அவர்கள் முதலில் சொன்னார்கள். உண்மையில் மேற்கு ஜேர்மனியில் ஆயிரக்கணக்கான மார்க் கொடுத்துக் கப்பலேறியவர்கள். ஜேர்மனி என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். ஒரு வாரத்துக்குள் உண்மை வெளியாகி, இரங்கிய நாட்டிலேயே கோபக்குரல்களும் எழுந்தன. ஆயினும் பிரதமர் மல்ரோனி அகதிகளைத் திருப்பி அனுப்பமாட்டோம் என்று உறுதியாக நின்றார். எங்களுக்கு இதெல்லாம் பத்திரிகை வழியாகத் தெரிந்த விடயங்கள். அண்ணை சொன்னது வேறு. அவரைத் தூக்கி ஏற்றிய படகில் ஒரு வயதான மீனவர் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டாராம். தேநீர்க் கோப்பையை அவரால் பிடிக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது. அந்த மனிதரே பிடித்துப் பருக்கினார். பருக்கிக்கொண்டே எங்கிருந்து வருகிறாய் மகனே என்று கேட்டார். அண்ணை இந்தியா என்றார்.

எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "பொலிசுக்குச் சொன்னதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அது பொலிசு. அந்த மனிசன் கடலோடி. என்ரை அப்புவும் கடலோடி. உயிரைத் தந்தவன் கேட்ட முதல் கேள்விக்கே நான் பொய் சொன்னனான். அதுதான் இஞ்சாலை வராமல் இருந்தனான்."

இதை யார் மொழிபெயர்ப்பது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அக்கா மொழிபெயர்த்தார். அம்மையார் கவனமாகக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் யோசித்தார். அவர் சொன்னதை எங்களால் இயன்ற தமிழில் தருகிறோம்: "இங்கே எல்லோரும் எல்லோரிடமும் அதைத்தான் கேட்போம், கண்ணே. நீங்கள் வாசலில் வந்து நின்றபோது நானும் கேட்டேன். அவன் ஒன்றும் விசாரணை செய்யவில்லை. நீ தூங்கிவிடாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்திருப்பான்."

அண்ணை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருடமாக அந்தக் கேள்வியை அவர் ஓர் அதிகாரியின் குரலில் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று பிறகு நாங்கள் பேசிக்கொண்டோம். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. கருவாட்டுச் சட்டி காலியாகியிருந்தது. அம்மையார் அதன் அடியைப் பாணால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, மிளகாயின் காரத்தில் கண்ணீர் வழிய, இது எப்படிச் செய்வதென்று எழுதித் தரச் சொன்னார்.

அன்றிரவு அறையில் மணிமேகலையின் சாதுவனைப் பற்றிப் பேச்சு வந்தது. கப்பல் உடைந்து ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் கரையேறியவன். கொன்று தின்ன வந்தவர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசியதால் பிழைத்தான். மொழிதான் காப்பாற்றியது என்றார் தஞ்சாவூர் நண்பர். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அண்ணை திரும்பாமலே சொன்னார்: "சாதுவன்ரை பாடு பரவாயில்லை. அவன் எந்த நாட்டாலை வந்தவன் எண்டு நாகர் கடிதம் கேக்கேல்லை." எல்லோரும் சிரித்தோம். அவர் சிரித்தாரா என்று இருட்டில் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை சென் ஷொட்ஸ் போனோம். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து தெற்கே கடலை நோக்கி இறங்கும் ஒற்றைப் பாதை. இருபுறமும் கரிபூ மான்கள் மேயும் பாசிநிலம் என்று வழிகாட்டி நூல் சொன்னது. நாங்கள் கண்டது மூடுபனி மட்டுமே. வண்டியின் முன்விளக்கு பத்தடிக்கு அப்பால் போகவில்லை. ஊர் வந்துவிட்டது என்பதை ஒரு தபால்பெட்டியைக் கண்டுதான் அறிந்தோம். சில வீடுகள், ஒரு தேவாலயம், அவையும் பாதி கரைந்தவை. இந்தக் கரையில் உடைந்த கப்பல்கள் ஏராளம் என்பார்கள். இப்படிப்பட்ட புகாரில் உடையாமல் போனவைதான் அதிசயம்.

பாதை முடிந்த இடத்தில் இறங்கி, புல்மேட்டின் விளிம்புவரை நடந்தோம். கீழே எங்கோ அலை மோதும் ஓசை கேட்டது. கடல் தெரியவில்லை. எங்களுக்கு ஏமாற்றம். இவ்வளவு தூரம் அவரைக் கூட்டிவந்து ஒன்றையும் காட்ட முடியாமற் போயிற்றே என்று வெட்கமாகக்கூட இருந்தது. அரை மணி காத்திருந்தால் விலகலாம் என்று யாரோ சொன்னோம்.

"விலகாட்டிப் பரவாயில்லை" என்றார் அண்ணை. "அண்டைக்கும் இதைத்தான் பாத்தனாங்கள்."

கையை நீட்டினார். விரல் நுனி மங்கலாகத் தெரிந்தது. "ரெண்டு போட்டையும் கயித்தாலை கட்டியிருந்தது. மற்றப் போட்டு தெரியாது, கயிறு மட்டும் புகாருக்குள்ளை போகும். கயிறு இறுகேக்கை அங்கை ஆக்கள் இருக்கினம் எண்டு தெரியும். ராவிலை நான் கயித்திலை கை வைச்சுக்கொண்டு இருந்தனான்." பிறகு, "கரை இவ்வளவு கிட்டவோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதை இரண்டு முறை சொன்னார்.

நாங்கள் சற்று விலகி நின்றோம். தூரத்துக்கு வந்தபின் அவர் எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா பதறி ஒருமுறை கூப்பிட்டார். "இஞ்சை நிக்கிறன்" என்று புகாருக்குள்ளிருந்து பதில் வந்தது. அதன்பின் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது அழைப்பதும் அவர் பதில் சொல்வதுமாக இருந்தோம்.

மேற்கே சென் வின்சென்ற்ஸ் வந்தபோது வானம் வெளுத்திருந்தது, ஒரு மணி நேரம் முன்பு இருந்த உலகம் வேறேதோ என்பதுபோல. நீண்ட கூழாங்கல் கரை அது. கல்மேடு நீருக்கடியில் செங்குத்தாக இறங்கிவிடுவதால் திமிங்கிலங்கள் கரையை ஒட்டியே வருகின்றன. கப்பெலின் என்ற சிறுமீன் கூட்டமாக முட்டையிட வரும் காலம். அவற்றைத் துரத்திக்கொண்டு கூன்முதுகுத் திமிங்கிலங்கள் ஒரு கல்லெறி தூரத்தில் எழுந்தன. முதலில் மூச்சின் சத்தம் கேட்டது, ஒரு பெரிய துருத்தியை அழுத்தி விட்டாற்போல. பின் கரிய முதுகு உருண்டு, வால் எழுந்து, நீர் வழிய ஒரு கணம் நின்று, ஓசையின்றி உள்ளே போயிற்று. காசு கொடுத்துப் படகேறிப் பார்ப்பதைக் கரையிலிருந்தே பார்க்கிறோம். வள்ளத்தில் ஏறாமலே அண்ணையும் பார்க்கலாம் என்ற மகிழ்ச்சியோடு அவரைத் தேடினோம்.

அவர் திமிங்கிலத்தைப் பார்க்கவில்லை. கரையின் மறுகோடியில், வாளியும் வீச்சுவலையுமாகக் கப்பெலின் அள்ள வந்திருந்த ஒரு முதியவரோடு நின்றுகொண்டிருந்தார். வலையை எப்படித் தோளில் மடித்து எறிவது என்று இவர் காட்ட, அவர் தலையை ஆட்டி மறுத்து வேறுவிதமாகக் காட்டினார். அருகே போனோம். எங்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டு அந்த முதியவர் அண்ணையிடம் மறுபடியும் ஏதோ கேட்டார்.

"மயிலிட்டி" என்றார் அண்ணை.

"மை லிட்டி?"

"இல்லை. ம-யி-லி-ட்-டி." ஓர் ஆசிரியரைப்போல் ஒவ்வொரு எழுத்துக்கும் கையால் காற்றில் தட்டினார். முதியவர் பல்லில்லாத வாயால் மீண்டும் முயன்றார். விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நாங்கள் வண்டிக்குப் போய் இரண்டு முறை ஹோர்ன் அடித்தோம்.